வடசென்னை வகுப்பறைக்கு இந்தி டீச்சரா, தமிழ் சொல்லித்தரத் தெரிந்த டீச்சரா?

எண்ணூர்_டீச்சர்

போன வாரம் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கூட்டமும் நடக்கிற வட்டார வள மையத்தில் கூட்டம். வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகள் நிறைய இருக்கிற பள்ளிகளுக்கு இந்தி தெரிந்த ஆள் ஒருவரைத் தற்காலிகமாகப் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று ஒரு தலைமையாசிரியர் சொன்னார், பாதிப் பேர் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. காரணம் சொல்ல வாயெடுத்தபோது டீயும் பிஸ்கட்டும் வந்துவிட்டன, அதனால் இங்கே எழுதுகிறேன். திட்டுவதென்றால் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

'இந்திக்காரப் பிள்ளைகள்' என்று நாம் மொத்தமாகச் சொல்கிற கூட்டத்தில் வீட்டிலும் இந்தி பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். என் வகுப்பில் ஒடியா இருக்கிறது, வங்காளி இருக்கிறது, ஒரு நேபாளக் குடும்பத்துப் பிள்ளை இருக்கிறது, பீகாரிலிருந்து வந்ததில் பலருக்கு வீட்டில் போஜ்புரி அல்லது மைதிலி. மைதிலி 2003லேயே அரசமைப்பின் எட்டாவது அட்டவணைக்குள் வந்துவிட்டது. போஜ்புரியை 5 கோடிப் பேர் பேசுகிறார்கள், கணக்கெடுப்பில் மட்டும் அது இந்திக்குள் அடக்கம். அந்தப் பிள்ளைக்கு இந்தியும் பள்ளிக்கூடம் வந்து கற்றுக்கொள்கிற மொழிதான். இந்தி தெரிந்த ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால், இதுவரை ஒரு புரியாத மொழியோடு உட்கார்ந்திருந்த ஒடியாப் பிள்ளை இனி இரண்டோடு உட்காரும், அவ்வளவுதான்.

அதை விடுங்கள். தமிழே தெரியாத பிள்ளைக்குத் தமிழ் எப்படிச் சொல்லித்தருவது என்று எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. நான் டீச்சர் ட்ரெயினிங் படித்தபோது தமிழ் கற்பித்தல் என்று ஒரு தாள் இருந்தது, அது முழுக்க முழுக்க வீட்டில் தமிழ் பேசிவிட்டு வருகிற பிள்ளைக்கு எழுத்தும் வாசிப்பும் பழக்குவது பற்றி. இப்போது தொடக்க வகுப்புகளில் எழுத்தும் கணக்கும் பழக்குகிற எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம் இல்லையா, புதிதாக வருகிற பீகார்ப் பிள்ளை நேராக அடிநிலையான அரும்பில் வந்து விழும். பக்கத்திலேயே எழுத்து தெரியாத தமிழ்ப் பிள்ளை. இதற்குப் பேச்சு இருக்கிறது, எழுத்து இல்லை. பீகார்ப் பிள்ளை ஊரில் இரண்டாவது முடித்துவிட்டு வந்திருக்கும், தேவநாகரியைத் தடதடவென்று படிக்கும், தமிழில் தண்ணீர் கேட்கத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே அட்டை, ஒரே பாட்டு, ஒரே பயிற்சித்தாள். இது இரண்டும் வேறு வேறு வேலை என்று நான் உட்கார்ந்த எந்தப் பணியிடைப் பயிற்சியிலும் ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு இந்தி டீச்சர் வேண்டாம், இரண்டாம் மொழியாகத் தமிழைக் கற்பிக்க ஒழுங்கான பயிற்சி கொடுங்கள்.

கல்மண்டபம்_வக்கீல்

டீச்சர், மரியாதையோடு மறுக்கிறேன். நீங்கள் பேசுவது உங்கள் சங்கடத்தைப் பற்றி, நான் கேட்பது பிள்ளையின் உரிமையைப் பற்றி. அரசமைப்புச் சட்டத்தில் 350ஏ என்று ஒன்று இருக்கிறது, 1956ல் ஏழாவது திருத்தத்தில் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க வகுப்புகளில் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29வது பிரிவு, இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்கிறது. யுனெஸ்கோ இதையே 1953ல் அறிக்கையாகப் போட்டது.

1938லிருந்து நாம் தெருவில் இறங்கிக் கேட்டது என்ன? எங்கள் பிள்ளையின் மேல் உங்கள் மொழியைச் சுமத்தாதே என்பதுதானே? அதே வாயால் எண்ணூரில் ஒரு ஒடியாப் பிள்ளையிடம் 'முதலில் தமிழ் கற்றுக்கொள், அப்புறம் கணக்குப் பார்க்கலாம்' என்றால் எப்படி? போஜ்புரிக்கு ஆள் கிடைக்கவில்லையா, கிடைக்கிற இந்தியைக் கொடுங்கள். வங்காளிக்கும் ஒடியாவுக்கும் படித்தவர்கள் இதே சென்னையில் இருக்கிறார்கள், தேடிப் போடுங்கள். ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

இருமொழி_போதும்

இதோ ஆரம்பித்துவிட்டார்கள். 1968லிருந்து தமிழ், ஆங்கிலம், முடிந்தது. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையும் அதையேதான் சொல்கிறது. மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2,152 கோடி ரூபாய் கல்வி நிதியை நிறுத்தி வைத்தார்கள், அதற்கே அசையாத மாநிலம். இப்போது 'பாவம் பிள்ளைகள்' என்று எண்ணூர் வழியாக இந்தி டீச்சரை உள்ளே விட வேண்டுமா? இன்றைக்குத் தற்காலிகம், அடுத்த வருடம் பணியிடம், அதற்கு அடுத்த வருடம் 'டீச்சர்தான் சும்மா இருக்கிறாரே, தமிழ்ப் பிள்ளைகளும் விருப்பப்பட்டால் உட்காரட்டுமே' என்பார்கள். பிழைக்க வந்த ஊரின் மொழியைக் கற்றுக்கொள்வதில் என்ன குறை வந்தது? மும்பைக்குப் போன தமிழன் மராத்தி கற்றுக்கொள்ளவில்லையா?

கல்மண்டபம்_வக்கீல்

மும்பையை நீங்களே இழுத்தது நல்லதாகப் போயிற்று. அங்கே மாநகராட்சியே மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் என்று பல மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழ்வழியும் உண்டு. தாராவித் தமிழ்ப் பிள்ளைக்கு அவர்கள் கொடுத்ததை ஒடியாப் பிள்ளைக்கு நாம் கொடுக்கலாமா கூடாதா?

இருமொழி_போதும்

2020ல் சட்டம் போட்டு அங்கே எல்லாப் பள்ளியிலும் மராத்தியைக் கட்டாயம் ஆக்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள் வக்கீல் சார்.

கொருக்குப்பேட்டை_அக்கா

ஆண்கள் இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். நான் சென்னையில் பிறந்தவள், வீட்டில் தெலுங்கு. தாத்தா பின்னி மில் வேலைக்கு வந்தவர். நான் ஐந்தாவது வரை தெலுங்குவழியில் படித்தேன், தனியார் பள்ளி இல்லை, அரசுச் செலவில். எனவே 'தமிழ்நாட்டில் வேறு மொழி டீச்சர் வந்தால் கோட்டை இடிந்துவிடும்' என்பவருக்கு முதல் தகவல்: தெலுங்கும் உருதும் சென்னைப் பள்ளிக்கூடங்களில் எத்தனையோ தலைமுறையாக இருக்கின்றன, தமிழுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கும் ஆசிரியர் தகுதித் தேர்வில் மொழித் தாளுக்குத் தமிழோடு தெலுங்கு, மலையாளம், கன்னடம், உருது எல்லாம் இருக்கிறது.

வக்கீல் சாருக்கு இரண்டாவது தகவல். அந்த 350ஏ எங்களுக்கும் இருந்தது. எங்கள் தெலுங்கு டீச்சர் ரிட்டயர் ஆனார், இடம் காலியாகவே இருந்தது, பிள்ளைகள் குறைந்தார்கள், பிள்ளைகள் குறைந்ததால் இடம் தேவையில்லை என்றார்கள். எது முதலில் எது பின்னால் என்று யாராவது கண்டுபிடித்துச் சொல்லுங்கள். யாரும் தெலுங்கை ஒழிக்கிறேன் என்று கிளம்பவில்லை, ஆள் போடாமல் விட்டார்கள், அது போதுமாக இருந்தது. தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006 தமிழ் கற்றல் சட்டம் வந்து முதல் வகுப்பிலிருந்து ஒவ்வொரு வகுப்பாக ஏறி 2016ல் பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தொட்டபோது, சிறுபான்மை மொழிப் பிள்ளைகள் நீதிமன்றம் போய் விலக்கு வாங்கினார்கள். எனக்கு அந்தச் சட்டத்தின் மேல் கோபம் இல்லை. தமிழ் தெரியாமல் இந்த ஊரில் எப்படி வாழ்வது? ஆனால் என் மகளுக்குக் கொடுத்த புத்தகம், வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைக்கு எழுதிய அதே புத்தகம். இரண்டாம் மொழியாகப் படிக்கிறவளுக்குத் தனிப் புத்தகமும் இல்லை, தனிப் பயிற்சி பெற்ற டீச்சரும் இல்லை. தெருவில் தமிழ் பேசிப் பழகியதால் அவள் தப்பித்தாள். டீச்சர் சொல்வது அதனால்தான் எனக்குப் புரிகிறது. ஆனால் 'வேறு மொழி ஆளே வேண்டாம்' என்று அவர் சொல்வது பிடிக்கவில்லை. ஆறு வயதில் அழுகிற பிள்ளையிடம் அதன் மொழியில் ஒரு வார்த்தை பேச பள்ளிக்கூடத்தில் யாராவது இருக்க வேண்டும்.

எண்ணூர்_டீச்சர்

அக்கா, அழுகிற பிள்ளைக்கு ஆயாம்மா போதும், அவர் எல்லா மொழியிலும் சமாளிப்பார். நான் பேசுவது பாடம் பற்றி. கழித்தலில் கடன் வாங்குவதை எந்த மொழியில் சொல்வது என்பதுதான் என் பிரச்சினை.

இருமொழி நண்பருக்கு ஒன்று. என் பக்கம் நீங்கள் வந்து நிற்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம் இல்லை. வெளிநாட்டில் வளர்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்காக கோட்டூர்புரத்துத் தமிழ் இணையக் கல்விக்கழகம் படிநிலை படிநிலையாகப் புத்தகம் போட்டிருக்கிறது, ஒலிப்பதிவு இருக்கிறது, சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. தமிழ் தெரியாத டொரண்டோப் பிள்ளைக்குத் தமிழை வேறு மாதிரி சொல்லித்தர வேண்டும் என்று இந்த அரசுக்குத் தெரிந்திருக்கிறது. எண்ணூரில் இருக்கும் பீகார்ப் பிள்ளைக்கு மட்டும் 'வந்த ஊர் மொழியைக் கற்றுக்கொள்' என்கிற அறிவுரை போதுமா? கற்றுக்கொள் என்று சொல்கிறவர் கற்றுக்கொடுக்கவும் வழி செய்ய வேண்டும் சார்.

இருமொழி_போதும்

அதில் எனக்கு மறுப்பு இல்லை. தமிழ் சொல்லித்தர எவ்வளவு செலவானாலும் சரி. இந்திக்கு ஒரு பைசா கூடாது.

டயட்_ரிட்டயர்டு

பணிக்காலம் முழுதும் ஆசிரியர் பயிற்சியில் கழித்தவன் என்ற முறையில் டீச்சருக்கு ஒரு எச்சரிக்கை. பயிற்சி கொடுங்கள் என்று கேட்கிறீர்கள், கொடுத்துவிடுவார்கள். அதுதான் எனக்குப் பயம்.

இந்த ஊரில் மொழியாசிரியர் பயிற்சிக்கு ஒரு பூர்வகதை உண்டு. 1950களின் கடைசியில், அன்றைய மெட்ராஸ் மாநிலத்தில், ஆரம்ப நிலையில் ஆங்கிலம் சொல்லித்தருகிற சுமார் 27,000 ஆசிரியர்களை மறுபயிற்சிக்கு உட்படுத்த பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு ஒரு பெரிய முயற்சி நடந்தது. ஆங்கிலக் கற்பித்தல் வரலாற்றில் அதற்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்றே பெயர். பனியே பார்க்காத ஊருக்குப் பனிப்பந்து. கொஞ்சம் பேருக்கு நன்றாகச் சொல்லிக்கொடு, அவர்கள் நிறையப் பேருக்குச் சொல்வார்கள், உருள உருளப் பெரிதாகும் என்பது கணக்கு. அந்தக் கணக்கில்தான் இன்றுவரை வண்டி ஓடுகிறது. மேலே பயிற்சி தருகிற முதன்மைக் கருத்தாளர், மாவட்டத்தில் கருத்தாளர், வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர், கடைசியில் குறுவள மையத்தில் டீச்சர். மேலே சில நாள் உட்கார்ந்து விவாதித்தது கீழே வந்து சேரும்போது ஒரு பிற்பகல் பவர்பாயின்ட் ஆகிவிடும், அதிலும் பாதி நேரம் எமிஸ் என்கிற இணையப் பதிவில் போகும். நடுவில் நிற்கிற கருத்தாளருக்கு விஷயம் தெரியாது என்று சொல்லமாட்டேன், அவரும் தமிழே தெரியாத பிள்ளைக்கு ஒரு முழு வருடம் தமிழ் சொல்லித்தந்தவராக இருக்கமாட்டார். செய்யாத வேலையை அடுத்தவருக்குச் சொல்லித்தர முடியாது.

இதற்கு நேர் எதிராக ஒன்று நடந்தது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் வேலை பார்த்த என்.எஸ். பிரபு 1979லிருந்து 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் மிகச் சில வகுப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, 'பெங்களூரு திட்டம்' என்ற பெயரில் ஒரு சோதனை செய்தார். இலக்கணப் பாடம் கிடையாது. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டி பிடித்தால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்று கேட்பது, வரைபடத்தில் வழி கண்டுபிடிக்கச் சொல்வது, இப்படி. பிள்ளையின் கவனம் விடையின் மேல் இருக்கும்போதுதான் மொழி உள்ளே இறங்குகிறது என்பது அவர் வாதம். உலகம் முழுக்க மொழியாசிரியர் பயிற்சியில் இன்றைக்கும் இதைப் படிக்கிறார்கள். நாங்கள் பயிற்சி கொடுத்த காலத்தில் தமிழுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, தமிழ் என்றால் செய்யுளும் உரைநடையும் இலக்கணமும் என்று தாள் பிரித்து முடித்துவிட்டோம்.

தேர்வு பற்றியும் சொல்கிறேன். மத்திய அரசின் ஆசிரியர் தகுதித் தேர்வான சிடெட்டில் ஒவ்வொரு மொழிக்கும் 30 மதிப்பெண், அதில் பாதி மொழியை எப்படிக் கற்பிப்பது என்பதைப் பற்றியது. நம் மாநிலத் தகுதித் தேர்வான டெட்டுக்கு நடக்கிற கோச்சிங் சென்டர்களில் போய்ப் பாருங்கள், ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் புத்தகத்தை வரிவரியாக நெட்டுரு போடுகிறார்கள். 2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கிற ஆசிரியர்களும் டெட் பாஸ் செய்தாக வேண்டும். ஐம்பது வயதில் வகுப்பை நடத்திவிட்டு இரவு உட்கார்ந்து படிக்கிறார்கள். அந்தப் படிப்பில் ஒரு வரியாவது எண்ணூர் டீச்சருடைய அரும்புப் பிரச்சினைக்கு உதவுமா?

என் யோசனை வேறு. ஒடிசாவில் 2007ல் பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பன்மொழிக் கல்வி ஆரம்பித்தபோது சவோரா, குயி, சந்தாலி என்று அந்தந்த மொழி பேசுகிற ஊர்க்காரர்களையே பயிற்சி கொடுத்து வகுப்புக்குள் கொண்டுவந்தார்கள். அதே மாதிரி இங்கே அந்தக் குடும்பங்களிலிருந்தே, கொஞ்சம் தமிழ் பழகிய, பத்தாவது தாண்டிய ஒரு பெண்ணை உதவியாளராகப் போடுங்கள். டீச்சரும் அவரும் சேர்ந்து வகுப்பு நடத்தட்டும். டீச்சருக்கு அதுவே பயிற்சி.

துரைப்பாக்கம்_கோடர்

இவ்வளவு சண்டை எதற்கு? போனில் மொழிபெயர்ப்பு ஆப் இருக்கிறது, ஒடியா, மைதிலி, போஜ்புரி எல்லாம் வருகிறது. டீச்சர் தமிழில் பேசினால் பிள்ளை காதில் அதன் மொழியில் கேட்கும். ஒரு பள்ளிக்கு நாலு டேப் போதும்.

எண்ணூர்_டீச்சர்

தம்பி, முப்பது பிள்ளைகள் கத்துகிற அறையில், பக்கத்து வகுப்புக்கும் நமக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும் இருக்கிற இடத்தில், உங்கள் ஆப் யார் பேச்சைக் கேட்டு மொழிபெயர்க்கும்? அம்மாவிடம் காய்ச்சல் மாத்திரை பற்றிச் சொல்ல நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன், அதற்கு நல்லது. பிள்ளைக்கு நான் தமிழ் சொல்லித்தர வேண்டும், தமிழைத் தவிர்த்துத் தருவது என் வேலை இல்லை.

டயட் சார், உங்கள் யோசனை காகிதத்தில் அழகாக இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்த இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? அதே 1,000 ரூபாயில் ஒரு வங்காளிப் பெண் வருவார். வந்த மறுநாளே ஜெராக்ஸ் எடுக்க, காலை உணவுத் திட்டத்துக்குத் தட்டு எண்ண, பெற்றோரிடம் ஆதார் வாங்கி வர என்று அனுப்பிவிடுவோம். மூன்று மாதத்தில் பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்விடுவார், அங்கே பத்து மடங்கு சம்பளம். பயிற்சியைப் பனிப்பந்து என்று கேலி செய்கிறீர்கள் சரி, உங்கள் உதவியாளருக்கு யார் பயிற்சி கொடுப்பார்கள்? அதே கருத்தாளர்தானே?

டயட்_ரிட்டயர்டு

சம்பளம் கொடுக்காமல் எதுவும் நடக்காது என்பதில் நாம் ஒரு கட்சி. 1,000 ரூபாயில் நடத்துவதென்றால் நான் அந்த யோசனையையே சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாம்பலம்_மாமி

நான் இந்தி டியூஷன் எடுக்கிறவள், எனவே இங்கே எனக்கு வில்லி வேஷம்தான், பரவாயில்லை. தி.நகர் இந்திப் பிரசார சபா 1918லிருந்து இருக்கிறது. சபா நடத்துகிற பரீட்சைகளில் பிராத்மிக்கில் ஆரம்பித்து பிரவீண் வரைக்கும் என்னிடம் வந்து எழுதிய பிள்ளைகள் ஏராளம், ஒருவரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவர்களில் பலருக்கு பிரவீண் பாஸ் ஆன பிறகும் ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரோடு சரியாக நாலு வாக்கியம் பேச வராது, ஏனென்றால் நாங்கள் பரீட்சைக்குத்தான் சொல்லித்தந்தோம், கேள்வி பதில் நோட்டில் இருக்கும். ஆகவே இந்தி தெரிந்த ஒருவரைப் போடுவது என்கிற யோசனைக்காரர்கள் கவனிக்கவும்: என்னை மாதிரி ஒருத்தியைத்தான் அனுப்புவார்கள். எனக்கு இந்தி தெரியும், ஆறு வயது போஜ்புரிப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தரத் தெரியாது.

இன்னொன்று. என் அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் நேபாளக்காரர், மனைவி வீட்டு வேலை செய்கிறார். மகனைப் பள்ளியில் சேர்க்க நான்தான் கூடப் போனேன். இந்தி வேண்டுமா தமிழ் வேண்டுமா என்று நாம் இங்கே அடித்துக்கொள்கிறோம், அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்று, இங்கிலீஷ் மீடியம் இருக்கிறதா?

எண்ணூர்_டீச்சர்

மாமி, கரெக்டான இடத்தில் கை வைத்தீர்கள். எங்கள் பள்ளியிலும் வெளிமாநிலக் குடும்பங்களில் முக்கால்வாசிப் பேர் இங்கிலீஷ் மீடியம் செக்ஷன்தான் கேட்கிறார்கள், தமிழ்க் குடும்பங்களும் அதையேதான் கேட்கின்றன. அரசுப் பள்ளியில் ஆங்கிலவழிப் பிரிவு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்று வெளியே யாரும் சொல்வதில்லை. புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், டீச்சர் ஒரு வரி படிப்பார், உடனே தமிழில் விளக்குவார், கரும்பலகையில் விடையை ஆங்கிலத்தில் எழுதுவார், பிள்ளை பார்த்து எழுதும். தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் விளக்கமாவது மிஞ்சும். பீகார்ப் பிள்ளைக்கு அந்த விளக்கமும் புரியாத மொழியில். ஆனால் நோட்டு மட்டும் பளிச்சென்று இருக்கும், கையெழுத்து முத்து முத்தாக, ஆய்வாளர் வந்தால் அந்த நோட்டைத்தான் முதலில் காட்டுவோம்.

இதில் இன்னொரு ஏமாற்றும் இருக்கிறது. ஆறு மாதத்தில் இந்தப் பிள்ளைகள் மைதானத்தில் சென்னைத் தமிழில் சண்டை போடும், அதைப் பார்த்து 'தமிழ் வந்துவிட்டது' என்று பதிவேட்டில் டிக் அடித்துவிடுகிறோம். கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்கிற ஆய்வாளர் 1979லேயே இதைப் பிரித்துக் காட்டினார். விளையாட்டுப் பேச்சு ஓரிரு வருடத்தில் வந்துவிடும், பாடம் படிக்கிற மொழி வர ஐந்து வருடம், ஏழு வருடம் கூட ஆகும். நம் மொழியில் பேச்சுக்கும் எழுத்துக்கும் இருக்கிற தூரத்தை அதோடு கூட்டிக்கொள்ளுங்கள், தமிழ்ப் பிள்ளையே அதில் தடுக்கி விழுகிறது. நாலாவது வகுப்பில் நன்றாகப் பேசுகிற ஒரு பெண்ணுக்கு அறிவியல் பாடத்தில் ஒரு பத்தி கூடப் புரியவில்லை என்றால், சோம்பேறி என்கிறார்கள்.

கல்மண்டபம்_வக்கீல்

நீங்கள் சொன்ன அந்த ஏழு வருடம் என் பக்கத்து வாதம் டீச்சர். ஏழு வருடம் கணக்கும் அறிவியலும் காத்திருக்குமா? அதனால்தான் தாய்மொழியில் ஆரம்பி என்கிறார்கள். அதே கம்மின்ஸ், முதல் மொழியில் பெற்ற அறிவு இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கும் என்று சொன்னதை விட்டுவிட்டீர்களே.

திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைகளைப் பாருங்கள். ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், சீசன் முடிந்து மழைக்கு முன் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒடியா பாடப்புத்தகம் வரவழைத்து, ஒடியா தெரிந்தவரை வைத்து, சூளை ஓரமே வகுப்பு நடத்தியிருக்கிறார்கள். நடக்காத காரியம் ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு ஆறு மாதம் தமிழ் எழுத்து பழக்கி ஊருக்கு அனுப்பியிருந்தால் அங்கே போய் ஒரு வருடம் பின்தங்கியிருக்கும்.

எண்ணூர்_டீச்சர்

சூளைப் பிள்ளைக்கு ஒடியாதான் சரி, அதில் உங்களோடு சண்டை இல்லை. என் பிள்ளைகள் திரும்பிப் போகிறவர்கள் இல்லை சார். வாடகை வீடு, ஆதார் முகவரி மாற்றியாகிவிட்டது, அண்ணன் இங்கே எட்டாவது படிக்கிறான், அப்பா ஐந்து வருடமாக ஒரே கம்பெனி. பத்தாம் வகுப்பை இந்த மாநிலத்தில்தான் எழுதப் போகிறார்கள், கல்லூரிக்கும் இங்கேதான் போவார்கள். அவர்களுக்கு ஒடியாவிலோ இந்தியிலோ ஐந்தாவது வரை நடத்தி, ஆறாம் வகுப்பில் பெரிய பள்ளியில் கொண்டுபோய் விட்டால், அங்கே யார் கைதூக்கி விடுவார்கள்?

கல்மண்டபம்_வக்கீல்

எந்தக் குடும்பம் தங்கும், எது போகும் என்று சேர்க்கையின்போதே டீச்சருக்கு எப்படித் தெரியும்? ஃபேக்டரி மூடினால் அடுத்த வாரம் கிளம்பிவிடுவார்கள். 2020ல் பார்த்தோம் இல்லையா, மூட்டையைக் கட்டிக்கொண்டு சென்ட்ரலில் நின்றவர்களில் பாதிப் பேர் 'இங்கேயே தங்கிவிட்டோம்' என்றவர்கள்தான். தாய்மொழியும் கையில் இருக்கட்டும் என்பது அதனால்தான்.

கொருக்குப்பேட்டை_அக்கா

இந்தக் கேள்விக்கு மட்டும் டீச்சர் பதில் சொல்லவில்லை.

எண்ணூர்_டீச்சர்

சொல்கிறேன் அக்கா. அந்த மொழியை வகுப்பிலிருந்து துரத்த வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காக ராமகாந்த் அக்னிஹோத்ரி தலைமையில் இந்திய மொழிகள் கற்பித்தல் பற்றி ஒரு குழு எழுதியது, வகுப்பில் பல மொழி இருப்பதையே பாடத்துக்குப் பயன்படுத்துங்கள் என்று. நான் அதைக் கொஞ்சம் செய்து பார்க்கிறேன். ஒரே பொருளுக்கு நாலு மொழியில் சொல் கேட்டு சுவரில் ஒட்டுகிறோம், தேவநாகரி தெரிந்தவன் அதிலேயே எழுதுகிறான், கணக்கை முதலில் தங்கள் மொழியில் பேசி முடிக்கட்டும் என்று ஒடியாப் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைக்கிறேன். யாரும் சொல்லித்தரவில்லை, நானே தட்டுத் தடுமாறிச் செய்கிறேன், சரியா தப்பா என்று கேட்க ஆள் இல்லை. நான் பயிற்சி என்று கேட்பது இதைத்தான். மைசூரில் 1969ல் வந்த இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் வெளிமாநில ஆசிரியர்களை உட்காரவைத்துப் பத்து மாதத்தில் தமிழ் படிக்க வைக்கிறார்கள். தமிழை இரண்டாம் மொழியாகச் சொல்லித்தருகிற அனுபவம் அங்கே மலையாகக் கிடக்கிறது. இங்கேயிருந்து ராத்திரி ரயில் ஏறினால் காலையில் மைசூர். அவர்கள் ஒருவரும் எங்கள் பயிற்சிக்குக் கருத்தாளராக வந்து நான் பார்த்ததில்லை.

டயட்_ரிட்டயர்டு

அது நியாயமான கேள்வி. வேறு மாநில அரசு அனுப்பினால் வருகிற ஆசிரியருக்காக நடக்கிற படிப்பு அது, பெரியவர்களுக்கானது, ஆறு வயதுப் பிள்ளைக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் எந்த வரிசையில் வாக்கிய அமைப்பைக் கொடுப்பது, எங்கே தடுமாறுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். புலம்பெயர் தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க இப்போது மாநில அரசும் ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. கையேடு யார் எழுதுகிறார்கள் என்று பார்க்க வேண்டும், வழக்கம்போலத் தமிழ்ப் பாடநூல் எழுதும் குழுவே எழுதினால் மறுபடியும் அரும்புதான்.

கல்மண்டபம்_வக்கீல்

சரி, நான் ஒன்று செய்கிறேன். சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் சிறுபான்மை மொழி ஆசிரியர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை, 350ஏ-க்காக என்ன செய்திருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கப் போகிறேன்.

எண்ணூர்_டீச்சர்

கேட்கும்போது கூடவே இன்னொன்றும் கேளுங்கள். தமிழ் தெரியாத பிள்ளைக்குத் தமிழ் கற்பிக்க இதுவரை எத்தனை ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், எத்தனை நாள், யார் கொடுத்தார்கள்?

இருமொழி_போதும்

டீச்சருடைய கேள்விக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். வக்கீல் கேள்விக்கு மாட்டேன்.

கல்மண்டபம்_வக்கீல்

ஆர்டிஐ மனுவுக்கு ஒரு கையெழுத்தும் 10 ரூபாயும் போதும் நண்பரே. இரண்டு கேள்வியும் ஒரே தாளில்தான் போகும்.